இழப்பற்ற ஒலியில் ஒரு பேரருவி

1982ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று ஜப்பானியக் கடைகளில் இரு புதுப்பொருள்கள் ஒருசேர விற்பனைக்கு வந்தன. ஒன்று, சோனி நிறுவனத்தின் சிடிபி-101 என்னும் இசைப்பொறி. அதன் விலை 1,68,000 யென். மற்றொன்று, அப்பொறியில் இட்டுக் கேட்பதற்கென உருவான, உள்ளங்கையளவே உடைய குறுந்தட்டு. அன்று வெளிவந்த ஐம்பது தட்டுகளுள் மேலைநாட்டு மெல்லிசைக்குரிய வரிசையின் முதலெண்ணைப் பெற்றது அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் தொகுப்பு. ஜப்பானிய மெல்லிசை வரிசையின் முதல் தட்டு '35டிஎச்-1' என்னும் எண்ணைத் தாங்கியிருந்தது. முப்பத்தைந்து என்பது 3,500 யென் என்ற விலையைச் சுட்டும் வணிகக் குறியீடு. ஏயிச்சி ஓட்டாக்கி பாடிய 'எ லாங் வெகேஷன்' என்னும் தொகுப்பே அத்தட்டு. எண்வடிவ ஒலியின் வரலாறு ஜப்பானிய மெல்லிசையைப் பொறுத்தவரை இவருடைய குரலோடுதான் தொடங்குகிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பர் 3ஆம் நாள், 'பெஸ்ட் ஆல்வேஸ்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. இளமைக்காலக் குழுப்பாடல் முதல் இறுதிக்காலத் தனிப்பாடல் வரை, பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்த அவர் பாடல்களிலிருந்து தெரிந்தெடுத்து, ஒரு கலைஞரின் முழு வாழ்வையும் ஒரே இருக்கையில் கேட்கத் தந்த முதல் திரட்டு அது. அது வெளிவந்தபோது ஓட்டாக்கி இறந்து பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன. உயிரோடிருந்த காலத்தில் தம் பழைய பதிவுகளை ஓயாமல் எடுத்துத் துடைத்துச் செப்பம் செய்துகொண்டே இருந்தவர், தம் வாழ்க்கை முழுவதையும் ஒரு கட்டாகக் கட்டித் தர மட்டும் முன்வராமல் போனார் என்பது வியப்பிற்குரியது. அந்தத் திரட்டினை இழப்பற்ற ஒலியில் கேட்டு மகிழ்வோர் இன்று உலகெங்கும் உளர். அவர்கள் கேட்பது எது, அது எவ்வாறு காக்கப்பட்டது, காக்கப்பட்டதன் அடியில் எந்த இழப்புகள் கிடக்கின்றன என்பவற்றை அறிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஓட்டாக்கி 1948ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்கிலுள்ள இவாட்டே மாநிலத்தில் பிறந்தார். குடும்பப் பெயரான ஓட்டாக்கி என்பதற்குப் பேரருவி என்பது பொருள். பிற்காலத்தில் தமது இசைநிறுவனத்திற்கு அவர் 'நயாகரா' எனப் பெயர் சூட்டியதன் குறும்பு இதனால் விளங்கும். இயற்பெயரான ஏயிச்சி என்பதன் முதலெழுத்து புகழையும் செழிப்பையும் குறிப்பது; பாடகராக எழுதும்போது அதே ஒலியுடைய வேறோர் எழுத்தை அவர் வைத்துக்கொண்டார். அவ்வெழுத்தின் பொருள், செய்யுளை ஓசையுடன் ஓதுதல். பெயரைக் காதால் கேட்போருக்கு மாற்றம் தெரியாது. கண்ணால் படிப்போருக்கே தெரியும்.

எல்விஸ் பிரெஸ்லியிலும் அமெரிக்க வானொலிப் பாடல்களிலும் ஊறித் திளைத்த இவ்விளைஞர் டோக்கியோ வந்து, ஹருவோமி ஹொசோனோ, தகாஷி மட்சுமோட்டோ, ஷிகேரு சுசுகி ஆகிய மூவருடன் 'ஹேப்பி எண்ட்' என்னும் குழுவில் இணைந்தார். முரசு கொட்டிய மட்சுமோட்டோவே அக்குழுவின் பாடலாசிரியர். குழுவின் முதல் தொகுப்பு 1970 ஆகஸ்டில் வெளிவந்தது. அதனைச் சுற்றி எழுந்த பூசல் கவிஞர்கள் கவனிக்கத்தக்கது.

ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட இயலுமா என்பதே வழக்கு. இயலாது என்று வாதிட்டவர்களுள் முதன்மையானவர் யூயா உச்சிதா. உலக அரங்கை எட்டவேண்டுமெனில் ஆங்கிலத்தில் பாடுவதே வழி என்பது அவர் தரப்பு. 1971ஆம் ஆண்டு 'நியூ மியூசிக் மேகசின்' இதழ் இரு தரப்பாரையும் ஒரே மேசையில் அமர்த்தி உரையாடச் செய்து, அதனை அச்சிட்டது. வழக்கில் வெறும் மொழிப்பற்றும் அதற்கு எதிரான வாணிக நோக்கும் மட்டுமே மோதின என்று எண்ணுவது பிழை. அடியில் கிடந்தது யாப்புச் சிக்கல். ஜப்பானிய மொழி மாத்திரைகளால் ஆனது. ஒவ்வோர் எழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவு நேரத்தைக் கொள்ளும். ஆங்கிலத்தின் 'ஐ' என்னும் ஒற்றை அசையில் அடங்கும் தன்மைப் பெயருக்கு ஜப்பானியத்தில் 'வாத்தாஷி' என மூன்று மாத்திரை வேண்டும். குறைந்தது 'போகு' என இரண்டாவது வேண்டும். அழுத்தமுடைய அசையை முரசின் அடிமேல் ஏற்றிப் பாடும் ராக் இசையில், அழுத்தமற்றுச் சமமாக ஓடும் இம்மொழி எங்கே கால் ஊன்றுவது? மாத்திரைக் கணக்கை ஐந்தும் ஏழுமாக எண்ணிப் பழகிய ஒரு மரபு, இரண்டும் நான்குமாய் விழும் அடியை எதிர்கொண்ட இடம் அது.

ஹேப்பி எண்ட் குழுவினர் இதற்கு வாதத்தால் விடை கூறியதைவிடப் பாட்டால் கூறியதே மிகுதி. மட்சுமோட்டோ எழுதிய அடிகள் பேச்சுநடைக்கு நெருங்கியவை. அயலாரிடம் பணிவோடு பேசுங்கால் வினைமுற்றின் ஈற்றில் வரும் மரியாதைச் சொற்களைக்கூட அவர் பாட்டில் வைத்தார். அவ்வடிகளைப் பாடிய ஓட்டாக்கியோ சொற்களைப் பொருள் முடியும் இடத்தில் நிறுத்தாமல், தாளம் கேட்ட இடத்தில் பிளந்தார். ஒரு சொல்லின் முற்பாதி ஓரடியின் ஈற்றிலும் பிற்பாதி அடுத்த அடியின் தலையிலும் விழும். தமிழ் யாப்பில் வகையுளி என்று கூறி ஆசிரியர்கள் முகம் சுளிக்கும் அந்தச் செயலையே அவர் ஒரு பாணியாக வளர்த்தெடுத்தார். முதல்முறை கேட்ட ஜப்பானியர் பலருக்கே பொருள் பிடிபடவில்லை. ஆனால் மொழி ஆடத் தொடங்கியிருந்தது.

1971 நவம்பரில் வந்த இரண்டாம் தொகுப்பான 'கசேமாச்சி ரோமன்' இப்போராட்டத்தின் வெற்றி என்பது பெரும்பாலான திறனாய்வாளர் முடிபு. கசேமாச்சி என்றால் காற்றின் நகரம். அந்நகரம் கற்பனையாயினும் அதற்கு மண் உண்டு. மட்சுமோட்டோ பிறந்து வளர்ந்த ஆவோயாமா, அதனையடுத்த அசாபு, ஷிபுயா ஆகிய பகுதிகள் 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்காக இடித்துத் திருத்தப்பட்டன. அவர் பிறந்த வீடே சாலைக்காகப் பறிபோயிற்று. இல்லாமற்போன தெருக்களை அவர் பாட்டில் கட்டினார். அத்தொகுப்பில் ஓட்டாக்கி இசையமைத்துப் பாடிய 'ஹாய்கரா ஹகுச்சி' என்னும் பாடலின் தலைப்பு அருமையான சிலேடை. மேலைநாட்டு மோகத்தில் மினுக்கித் திரியும் மூடன் என்று ஒரு பொருள். பிரித்துக் கேட்டால், நுரையீரலிலிருந்து கக்கும் குருதி என்று மறுபொருள். அமெரிக்க இசையையே தொழுத ஒரு குழு தன்னைத்தானே எள்ளிக்கொண்ட எள்ளல் அது. மூன்றாம் தொகுப்பு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வான் டைக் பார்க்ஸ் என்னும் இசைஞரின் துணையுடன் பதிவாயிற்று; அது 1973இல் வெளிவருமுன்பே, 1972இன் இறுதியில், குழு கலைந்துவிட்டது.

அடுத்து வந்த ஆண்டுகள் ஓட்டாக்கிக்குப் பொருளளவில் வறண்டவை, உழைப்பளவில் வற்றாதவை. டோக்கியோவின் மேற்கே, யோகோட்டா அமெரிக்க விமானத் தளத்தை ஒட்டிய ஃபுஸ்ஸா என்னும் ஊரில் குடியேறி, தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். தட்சுரோ யமஷிதா, தாயேகோ ஓனுகி ஆகியோர் அடங்கிய 'சுகர் பேப்' குழுவின் ஒரே தொகுப்பு 1975இல் நயாகரா முத்திரையோடு வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் ஓட்டாக்கி. அதே ஆண்டு ஜூனில் வானொலியில் 'கோ! கோ! நயாகரா' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கி, தம்மிடமிருந்த இசைத்தட்டுகளைக் கொண்டு அமெரிக்க மெல்லிசையின் மூலைமுடுக்குகளை விளக்கினார். பின்னர் கொலம்பியா நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். பதினாறு தடங்களில் ஒலியைப் பதியவல்ல நாடாப்பொறி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக மூன்றாண்டுகளில் பன்னிரண்டு தொகுப்புகள் தரவேண்டும். ஒரு பொறிக்காகத் தம் மூன்றாண்டுகளை அடகுவைத்தவர் என்று இதனைக் கூறினால் மிகையாகாது. ஆண்டின் பன்னிரு மாதங்களுக்கும் மாதத்திற்கொரு பாட்டு என அமைந்த 'நயாகரா கேலண்டர்' 1977 டிசம்பரில் வந்தது. இன்று போற்றப்படும் அத்தொகுப்பை அன்று வாங்கியவர் சிலரே. 1978ஆம் ஆண்டோடு ஒப்பந்தமும் முடிந்தது. கடையில் விலைபோகாத ஒரு பெயராக நயாகரா எஞ்சியது.

இவ்விடத்தில்தான் மட்சுமோட்டோ மீண்டும் வருகிறார். குழு கலைந்தபின் அவர் முரசுக் கோலை வைத்துவிட்டு முழுநேரப் பாடலாசிரியராகி, பிறருக்கு எழுதிப் பெரும்புகழ் ஈட்டியிருந்தார். ஓட்டாக்கி புதிய தொகுப்பொன்றைத் திட்டமிட்டு, அதன் பாடல்களை எழுதித் தருமாறு பழைய நண்பரை வேண்டினார். இசையமைப்பும் பின்னணிப் பதிவும் 1980இல் சிபிஎஸ் சோனியின் ரோப்போங்கி ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கின. தம் பிறந்தநாளான ஜூலை 28ஆம் நாள் அதனை வெளியிடுவதென்று திட்டம்.

அப்போது மட்சுமோட்டோவின் தங்கை இறந்தார். பிறவியிலேயே இதயம் நலிந்தவர், வயது இருபத்தாறு. பள்ளிப் பருவத்தில் தங்கையின் புத்தகப்பையையும் சேர்த்துச் சுமந்து நடந்த அண்ணனுக்கு எழுத வரவில்லை. துயரத்தில் ஷிபுயா வீதியில் நடந்தபோது ஊரே நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகத் தோன்றியதென்று பிற்காலத்தில் அவர் கூறியுள்ளார். வேறு ஒருவரைக் கொண்டு எழுதிக்கொள்ளுமாறு ஓட்டாக்கியிடம் தெரிவித்தார். ஓட்டாக்கி ஏற்கவில்லை. இத்தொகுப்பு மட்சுமோட்டோவின் சொற்களுக்காகவே உள்ளது, எத்தனை மாதமானாலும் காத்திருக்கலாம் என்று விடையளித்து வெளியீட்டைத் தள்ளிவைத்தார். மூன்றாண்டாக விற்பனையே இல்லாத ஒரு பாடகர், புதிதாகச் சேர்ந்த நிறுவனத்திடம் இவ்வாறு காலம் கேட்டது எளிய செயலன்று. நட்பின் வரலாற்றில் பேசப்படவேண்டிய செயல் எனினும், நட்புக்காக மட்டும் அவர் காத்திருந்தார் என்று கொள்ளவும் இடமில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எந்தச் சொற்களைப் பிளந்து பாடி ஒரு மொழியை ராக் இசைக்குள் புகுத்தினாரோ அந்தச் சொற்களன்றி வேறு சொற்கள் தம் இசைக்குப் பொருந்தா என்பதை அவர் அறிந்திருந்தார்.

சொற்கள் வந்தன. 'எ லாங் வெகேஷன்' 1981 மார்ச் 21இல் வெளிவந்தது. முதற்பாடலான 'கிமி வா தென்னென்ஷோகு' என்பதன் தலைப்புக்கு, நீ இயற்கை வண்ணம் என்பது பொருள். மேலோட்டமாகக் கேட்போருக்கு அது கோடைக்காலக் காதற்பாட்டு. நிறமிழந்த நினைவைப் பற்றியும், அதற்கு நிறம் வேண்டி நிற்கும் நெஞ்சைப் பற்றியும் அது பேசுவதன் காரணம் வெகுகாலம் பொதுவாசகர் அறியாதது. ஹிரோஷி நகாய் வரைந்த அட்டைப்படத்தில் நீச்சற்குளமும் பனைமரங்களும் வெயிலும் உண்டு; ஆள் ஒருவரும் இல்லை. தொகுப்பு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. கோடையில் கார்களிலும் கடற்கரைகளிலும் ஒலித்த அப்பாட்டு ஓர் இரங்கற்பா என்பதை அறிந்தபின் கேட்போருக்கு அதன் மகிழ்ச்சி குறைவதில்லை, ஆழ்கிறது.

இனி ஒலியைப் பற்றி. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1960களில் கையாண்ட ஒலிச்சுவர் என்னும் முறையே ஓட்டாக்கியின் ஆதர்சம். ஒரே கூடத்தில் பல கிதார்களையும் பல பியானோக்களையும் தாளக் கருவிகளையும் ஒருசேர வாசிக்கச் செய்து, எதிரொலியில் நனைத்து, எந்தக் கருவி எதுவெனப் பிரித்தறிய முடியாத ஒரே பேரோசையாக்குவது அம்முறை. ரோப்போங்கிக் கூடத்தில் ஒலிப்பதிவாளர் தமோட்சு யோஷிதாவுடன் ஓட்டாக்கி எழுப்பியது இத்தகைய சுவர்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்பெக்டரின் சுவர் ஒற்றைத் தடத்தில் இறுகி நிற்பது. சிறு வானொலிப்பெட்டிக்கும் கார் ஒலிபெருக்கிக்கும் உரியது. ஓட்டாக்கியின் சுவர் இருதடங்களில் அகன்று, நடுவே காற்றோட்டம் விட்டு நிற்பது. கிதார் நரம்புகளின் மினுமினுப்பும், காஸ்டனெட் கட்டைகளின் சொடுக்கும், எதிரொலி தேய்ந்து மறையும் கடைசி நொடியும் அந்தக் காற்றில்தான் வாழ்கின்றன.

ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள் முதலில் கைவைப்பது இந்த இடத்தில். குறுந்தட்டில் ஒவ்வொரு நொடியும் 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது, ஒவ்வோர் அளவும் பதினாறு பிட் கொண்ட எண், தடங்கள் இரண்டு. ஆக ஒரு நொடிக்கு 14,11,200 பிட். ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தார் பெரும்பங்காற்றி உருவாக்கி, 1990களில் பரவிய எம்.பி.3 முறை, வழக்கமான 1,28,000 பிட் அளவில் இதனைப் பதினொன்றில் ஒரு பங்காக்கியது. உரத்த ஓசையின் அருகே ஒலிக்கும் மெல்லோசையைச் செவி உணர்வதில்லை என்னும் உண்மையைப் பிடித்துக்கொண்டு, உணராது என அது கணித்தவற்றையெல்லாம் எறிந்துவிடுகிறது. எறிந்தது மீளாது. தனிக் குரலுக்கும் ஒற்றைப் பியானோவுக்கும் இதனால் பெருங்கேடு விளைவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருபது கருவிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒலிக்கும் ஒலிச்சுவரிலோ, மறைந்திருப்பனவே சுவரின் சுண்ணாம்பு. குறைந்த அளவில் சுருக்கிய பதிவில் காஸ்டனெட்டின் சொடுக்கு மழுங்கும். எதிரொலியின் வால் நீரில் கரைந்தாற்போல் சலசலக்கும்.

இழப்பற்ற முறை வேறுவிதமாகச் சிந்திக்கிறது. ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கி 2001 ஜூலையில் முதல் முழுப்பதிப்பாக வெளியிட்ட ஃபிளாக் முறையினை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்பதை முன்வந்த அளவுகளைக் கொண்டு அது ஊகிக்கிறது; ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்கிறது. வெண்பாவில் பழகிய செவி, முதற்சீரைக் கேட்டதுமே தனிச்சொல் எந்த எதுகையில் வரும் என்று எதிர்பார்த்து நிற்பதைப் போன்றது இது. எதிர்பார்த்தது வந்தால் எழுதவேண்டுவது சிறிது. வியப்பு வந்தால் எழுதவேண்டுவது மிகுதி. கோப்பு ஏறத்தாழப் பாதியளவாகக் குறையும். விரித்தால் ஒரு பிட்டும் பிசகாமல் மூலமே கிடைக்கும்.

ஆனால் எது மூலம்? இழப்பற்றது என்னும் சொல்லில் மயங்குவோர் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. சுவடியைப் பிழையின்றிப் படியெடுத்தல் வேறு. பாடபேதங்களுள் எது ஆசிரியர் கருத்தெனத் துணிதல் வேறு. ஓட்டாக்கியின் தொகுப்புகளுக்குப் பாடபேதம் உண்டு. 'எ லாங் வெகேஷன்' 1982இல் முதற் குறுந்தட்டாகவும், பின் வெவ்வேறு ஆண்டுகளில் திருத்திய பதிப்புகளாகவும், 2001இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பாகவும், 2011இல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பாகவும் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒலியின் நிறம் சற்றே வேறு. 1984இல் வந்த 'ஈச் டைம்' தொகுப்பின் நிலை இன்னும் சிக்கலானது. பதிப்புதோறும் பாடல்களின் வரிசை மாறியது, புதுப்பாடல்கள் புகுந்தன. கவிஞர் ஒருவர் தம் நூலை அச்சுக்கு அனுப்பும்போதெல்லாம் அடி திருத்திக்கொண்டே இருந்தால் வாசகர் எந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொள்வது? '35டிஎச்-1' தட்டைத் தேடியலையும் சேகரிப்பாளரும் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பைப் போற்றுவோரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்வதன் வேர் இதுதான். இருசாராரும் இழப்பற்ற கோப்பையே கேட்கின்றனர், கேட்பது ஒன்றன்று.

இத்திருத்தங்களை வெறும் வாணிகத் தந்திரம் என ஒதுக்குவது அவருக்கு நீதியாகாது. ஓட்டாக்கி பாடகர் மட்டுமல்லர், ஆராய்ச்சியாளர். 1983இல் அவர் வெளியிட்ட பகுதி-தொகுதிக் கோட்பாடு ஜப்பானிய மெல்லிசை வரலாற்றெழுத்தில் இன்றும் பேசப்படுவது. பின்ன எண்ணில் கோட்டின் மேலே உள்ளது ஜப்பானிய வரலாறு. கீழே தாங்கி நிற்பது உலக வரலாறு. மெய்ஜி காலம் தொட்டு ஜப்பானியர் பாடிய புதுப்பாட்டெல்லாம் இத்தகைய பின்னமே என்பது அவர் துணிபு. காலப்போக்கில் கீழே உள்ளது மறக்கப்பட்டு, மேலே இருந்ததே கீழிறங்கித் தானே அடித்தளம்போல் தோற்றம் தரத் தொடங்கியது என்றும் அவர் காட்டினார். 1995இலும் 1999இலும் என்.எச்.கே. பண்பலையில் 'ஜப்பானிய பாப்ஸ் கதை' என்று தொடர்களாக இதனை விரித்துரைத்தார். எதிலிருந்து எது வந்தது என்பதை மறவாதவர் தம் பதிவுகளின் மூலநாடாவை நோக்கி மீண்டும் மீண்டும் சென்றதில் வியப்பில்லை.

மூலநாடாவை அத்துணை பேணியவர் தம் குரலைப் பேணியது வேறுவகையில். 'ஈச் டைம்' வெளியானபின் புதுத் தொகுப்பு எதையும் அவர் தரவில்லை. 1997இல் ஒரு தனிப்பாடல், 2003இல் மற்றொன்று, அவ்வளவே. பிறருக்கோ தாராளமாகத் தந்திருந்தார். செய்கோ மட்சுதாவின் 'கசே தாச்சினு' 1981; ஷினிச்சி மோரியின் 'ஃபுயு நோ ரிவியேரா' 1982; அகிரா கொபயாஷியின் 'அட்சுகி கொகோரோ நி' 1985. இவற்றின் இசை ஓட்டாக்கியினுடையது. கொபயாஷி, மோரி ஆகியோரின் முதிர்ந்த குரல்களைக் கேட்ட பெரியோரில் பலருக்கு, பின்னே நிற்கும் சுவர் நயாகராவின் சுவர் என்பது தெரியாது.

2013 டிசம்பர் 30ஆம் நாள், தமனி கிழிந்த நோயால், மேற்கு டோக்கியோவில் ஓட்டாக்கி திடீரென மறைந்தார். வயது அறுபத்தைந்து. 'ஈச் டைம்' முப்பதாம் ஆண்டுப் பதிப்பு அடுத்த மார்ச் 21இல் வெளிவந்தது. மார்ச் 21 என்பது அவர் விரும்பிக் கடைப்பிடித்த வெளியீட்டு நாள். 2011இல் அந்நாள், அவர் பிறந்த இவாட்டேயின் கடலோரத்தை ஆழிப்பேரலை அழித்த பத்தாம் நாளாக அமைந்தது.

பிறகு, மேலே குறித்த 'பெஸ்ட் ஆல்வேஸ்'. அதற்கெனப் பழைய நாடாக்களைப் புரட்டியபோது கிடைத்த ஒரு பதிவுதான் அத்திரட்டின் பெரும் செய்தி. 'யுமே தே ஆய்த்தாரா' என்னும் பாட்டு ஓட்டாக்கி எழுதி இசையமைத்தது. கனவில் சந்திக்க முடிந்தால் என்பது தலைப்பின் பொருள். ஆன் லூயிஸ் என்னும் பாடகிக்காக எழுதப்பட்டது. அவர் அப்போது பாடவில்லை. ஒலிப்பதிவாளர் தமோட்சு யோஷிதாவின் தங்கை மினாகோ யோஷிதா 1976இல் அதனைப் பாடினார். அதன்பின் அப்பாட்டு யார் யாரோ பாடும் பொதுச்சொத்தாயிற்று. 1996இல் 'ராட்ஸ் அண்ட் ஸ்டார்' குழு பாடி நாடறியச் செய்தது. 2018இல் அப்பாட்டின் வெவ்வேறு பாடல்முறைகளை மட்டுமே கொண்டு நான்கு தட்டுகளை நிரப்ப முடிந்தது. பெண் கூற்றாக எழுதிய பாட்டு. எழுதியவர் குரலில் அது இல்லையென்றே அனைவரும் எண்ணியிருந்தனர். இருந்தது. பாடி, பதிந்து, வெளியிடாமல் வைத்திருந்திருக்கிறார்.

பிறருக்குத் தந்த பாடல்களைத் தாமே பாடி வைத்திருந்த பதிவுகள் மேலும் கிடைத்து, 2016 மார்ச் 21இல் 'டெபியூ அகெய்ன்' என்னும் பெயரில் தொகுக்கப்பட்டன. வாழ்நாளில் அவர் வெளியிட விரும்பாதவற்றை இறந்தபின் வெளியிடுவது தகுமா என்னும் கேள்வி எழாமல் இல்லை. கவிஞர்களின் வெளியிடாத கையெழுத்துப்படிகள் குறித்து எழும் அதே கேள்விதான். அவை அழிக்கப்படவில்லை, காக்கப்பட்டிருந்தன என்பது ஒருபக்கச் சான்று. காத்தவர் வெளியிட நாள் குறிக்கவில்லை என்பது மறுபக்கச் சான்று. 'யுமே தே ஆய்த்தாரா'வைப் பொறுத்தவரை, கேட்டவர்கள் வழக்கைக் கைவிட்டுவிட்டனர் எனலாம். பெண்குரல்களில் ஏக்கமாக ஒலித்த பாட்டு, அவர் குரலில், இறந்தவர் ஒருவர் கனவின் மறுகரையிலிருந்து பேசுவதாகப் பொருள் மாறியிருந்தது. எழுதும்போது எண்ணாத பொருள் அது.

நயாகராவின் பாடல்கள் இணையவழிக் கேட்புச் சேவைகளில் பரவலாகத் திறக்கப்பட்டது 2021 மார்ச் 21ஆம் நாள். 'எ லாங் வெகேஷன்' வந்து சரியாக நாற்பதாண்டு. இழப்பற்ற தரத்தில் வழங்கும் சேவைகள் ஜப்பானில் 2019 முதலே இருந்தமையால், தட்டு ஒன்றும் வாங்கியறியாத இளையோர் அன்று முதன்முறையாக அத்தொகுப்பை முழுமையாகக் கேட்டனர். பாட்டு உடனே தொடங்குவதில்லை. முதலில் கூடத்தின் காற்று. பிறகு சுருதி பார்க்கும் பியானோவின் ஓசை, ஒத்திகைக்கு ஆயத்தமாகும் இசைஞரின் அசைவு, தாளக்குச்சியின் தட்டு. 1980ஆம் ஆண்டு ரோப்போங்கியில், சொற்கள் இன்னும் வந்து சேராத ஒரு பாட்டுக்காக அத்தனை பேரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தனர்.